மஞ்சள் லைட்

டொக் டொக்கென்று யாரோ கார்க் கண்ணாடியைத் தட்டியதும் பல் டாக்டருக்குப் பாதி உயிர் போய்விட்டது. போலீஸ்தான் என்று நினைத்து, கையிலிருந்த டார்ச்சை சீட்டுக்கு அடியில் தள்ளினான்.

போலீஸ் இல்லை. கண் மட்டும் தெரிய மஃப்ளரைத் தலையோடு சுற்றிக்கொண்டு, ஸ்வெட்டரும் வாக்கிங் ஷூவுமாக ஓர் அம்மாள் பனிக்குள் நின்றிருந்தாள்.

"என்ன தம்பி, விடிஞ்சும் விடியாம வண்டிக்குள்ள டார்ச் அடிச்சுக்கிட்டு? திருட்டு வண்டியா?"

"ஐயோ, என் வண்டிதாங்க! ஃபாக் லைட் எரிய மாட்டேங்குது. அதான் பாத்துக்கிட்டிருக்கேன்."

அது பொய் இல்லை. ஆனால் முழு உண்மையும் இல்லை. எதிர் மாடி வீட்டு ஜன்னலில் ஒருத்தி, பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு அந்த லைட்டுக்காகத்தான் காத்திருந்தாள்.

அவளுடைய போனை அப்பா பிடுங்கி வைத்துவிட்டார். 'பனியில எல்லா வண்டி லைட்டும் வெள்ளையாத்தான் தெரியும். உன் வண்டியில கீழ மஞ்சளா ரெண்டு இருக்கே, அதைப் போடு, இறங்கி வந்துடறேன்' என்று தோழி மூலம் சொல்லி அனுப்பியிருந்தாள். பதிவு அலுவலகம் திறந்ததும் கல்யாணம்.

அப்பா மறுத்ததற்குக் காரணம் பணமும் இல்லை, குடும்பமும் இல்லை. பல்! பல்வலி என்று வந்தவருக்கு, துணைக்கு வந்த மகளைப் பார்த்த மயக்கத்தில், சொத்தைப் பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டான். "நல்ல பல்லைப் புடுங்கினவனுக்கு நான் பெத்த பொண்ணும் வேணுமாமா?" என்று அன்றிலிருந்து மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டிருக்கிறார், மிச்சம் இருக்கிற பற்களால். அந்த வீட்டுக்குள் இவன் காலடி வைத்ததே இல்லை.

"ஃபியூஸ் பாத்தியா?" என்றாள் அம்மாள். போகிற வழியாகத் தெரியவில்லை.

"பாத்துட்டேங்க. நல்லாத்தான் இருக்கு."

"பல்பு?"

"நேத்து ராத்திரி வண்டி ஓட்டும்போது ஜம்முனு எரிஞ்சுது. இன்னிக்கு இங்க வந்து நிறுத்தினதும் மக்கர் பண்ணுது!"

"பிரேக்காவது பிடிக்குமா?"

"பிடிக்குங்க."

"பின் சீட்டுல பெல்ட் இருக்கா? ராத்திரி தூங்கினியா, இல்ல தூக்கக் கலக்கத்துல ஓட்டப் போறியா?"

கேள்விமேல் கேள்வி. யாருக்காகக் காத்திருக்கிறாய் என்று மட்டும் அவள் கேட்கவில்லை. தப்பித்தோம்டா சாமி என்று அவன் பெருமூச்சு விட்டான்.

"நகரு. நான் உள்ள உக்காந்து அமுக்கறேன், நீ முன்னாடி போய்ப் பாரு."

சொல்லி முடிப்பதற்குள் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவன் முன்பக்கம் ஓடி, பானெட்மேல் சாய்ந்து விளக்கை எட்டிப் பார்த்தான். சர்ரென்று முகத்தில் தண்ணீர் அடித்தது. வைப்பர் கிரீச் கிரீச்சென்று ஆடத் தொடங்கியது.

"அது இல்லீங்க!"

"இதுவா?"

பாஆஆம்!

தெருவுக்கே தூக்கிவாரிப் போட்டது. நாய் குரைத்தது. எதிர் வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் இருமல் கேட்டது. அவன் சக்கரத்தோடு சக்கரமாக ஒட்டிக்கொண்டான். அந்த அம்மாளும் ஸ்டியரிங்குக்குக் கீழே தலையை இழுத்துக்கொண்டாள்.

இருமல் அடங்கியது. இருவரும் மெதுவாகத் தலையை நீட்டி ஒருவரையொருவர் பார்த்தார்கள். வயிற்றிலிருந்து சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் மஃப்ளரை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அவன் முகத்துத் தண்ணீரைத் துடைக்கவும் தெம்பில்லாமல் பம்பரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"பட்டனை அமுக்கித்தான் வெச்சிருக்கேன் தம்பி. இந்தக் குச்சி நுனியைத் திருகினா என்ன ஆகும்?"

திருகினாள். பார்க்கிங் லைட் எரிந்தது. கூடவே, பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் குபுக்கென்று பூத்தன.

அவன் தலையில் அடித்துக்கொண்டான். யார் கண்ணிலும் பட்டுவிடக் கூடாதென்று எல்லா லைட்டையும் அணைத்து வைத்தது அவனேதான். பார்க்கிங் லைட்டைப் போடாமல் ஃபாக் லைட் எப்படி வரும்?

"தனியா எரியாதாம். அதுக்கும் ஒரு துணை வேணுமாம்" என்றாள் அம்மாள்.

"நீங்க மனுஷியே இல்லீங்க, தெய்வம்!" என்று அவன் நடுத்தெருவில் குதித்தான்.

மாடி ஜன்னல் திரை அசைந்தது. சிறிது நேரத்தில் கீழே கதவு ஒருக்களித்துத் திறந்தது. ஒரு கையில் பெட்டி, மறு கையில் செருப்பு, வெறுங்காலோடு ஈரத் தரையில் அவள் ஓடி வந்தாள். அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

கார்ப் பக்கம் வந்தவள் உள்ளே உட்கார்ந்திருந்த அம்மாளைப் பார்த்தாள். அவ்வளவுதான். பெட்டி தொப்பென்று விழுந்தது. முகம் வெளுத்து, வாய் பிளந்து, நட்ட கம்பம் போல நின்றுவிட்டாள்.

அம்மாள் மஃப்ளரை இறக்கிவிட்டு, பக்கத்து சீட்டுக்கு நகர்ந்தபடியே கையை நீட்டிப் பின் கதவைத் திறந்தாள்.

"ஏன்டி முழிக்கிற? உங்கப்பா முழிக்கிறதுக்குள்ள ஏறு, அம்மாவும் வர்றேன்!"