ஏகமனதாக

போக்குவரத்து ஆணையத்தின் கூட்டத்தில், கூடல்மலைக்குப் போய்வரும் காலைப் பேருந்தை நிறுத்தும் தீர்மானம் வந்தபோது, பயணிகள் பிரதிநிதி பிலோமினா மட்டும் எதிர்த்துக் கையைத் தூக்கினாள். அந்தப் பேருந்து இல்லாவிட்டால் மலைப்பிள்ளைகள் யானை நடமாடும் காட்டு வழியாகத்தான் பள்ளிக்கு இறங்கிவர வேண்டும். அதை அவள் இரண்டு கூட்டங்களில் சொல்லியாயிற்று.

“பதிவு பண்ணியாச்சும்மா, கையை இறக்குங்க” என்றார் தலைவர்.

“எழுதினதைக் காட்டுங்க சார், இறக்கிடுறேன்.”

செயலாளர் தாளை உள்ளங்கையால் மூடினார். அதற்குள் அவள் பார்த்துவிட்டாள். கூட்டத்துக்கு முன்பே தட்டச்சு செய்துவைத்த தாளில் ‘ஏகமனதாக நிறைவேறியது’ என்றிருந்தது.

“பதினோரு பேருக்கு எதிரா ஒரே ஒரு கை. என்னம்மா மாறப்போகுது?” என்றார் தலைவர்.

“அந்த வார்த்தை மாறணும் சார்.”

தேநீர் வந்தது, ஆறியது. அடுத்த தீர்மானத்தை எடுக்கப் பார்த்த தலைவர், அந்தக் கையைத் தாண்டிப் போக முடியாமல் மூன்று முறை தொண்டையைச் செருமினார். அவளுக்குத் தோள் கடுத்தது, விரல்கள் மரத்துப்போயின. இடக்கையால் முழங்கையைத் தாங்கிக்கொண்டாளே தவிர, இறக்கவில்லை.

கடைசியில் செயலாளர் பேனாவைத் திறந்து, அந்த வார்த்தையின் மேல் ஒரு கோடு இழுத்தார்.

“முழுப் பேரைச் சொல்லுங்கம்மா” என்றார், தலைவர் பக்கம் திரும்பாமலே.