ஜெபக்கனியின் செங்கல்

பக்கத்து மனையில் அடுக்குமாடிக்குப் பள்ளம் தோண்டியதில் ஜெபக்கனியின் வீட்டுச் சுவர் மேலிருந்து கீழ்வரை விரிசல் விட்டது. தோண்டுவதை நிறுத்தச் சொல்லி வழக்குப் போட்டாள். மனுவை எழுதி வாங்கவே நாலு நாள் ஆனது. எந்த மனு நீதிபதியிடம் போகலாம் என்று தானே முடிவு செய்யும் இயந்திரமான, நீதிமன்ற வாசலில் இருந்த தணிக்கைப் பெட்டி அதை நாலே விநாடியில் திருப்பித் தந்தது.

"சுவர் இன்னும் விழவில்லை. வழக்குக்குக் காரணம் இல்லை. நிராகரிக்கப்படுகிறது."

ஐப்பசி மழையில் சுவர் விழுந்து, அவள் புருஷனின் கால் நசுங்கியது. விழுந்த செங்கல் ஒன்றோடு மறுபடி போனாள்.

"ஏற்கெனவே நிராகரித்த விஷயம். மீண்டும் ஏற்க இயலாது."

"நீதிபதிகிட்ட ஒரு வார்த்தை பேசணும்யா."

"பெட்டி விட்டாத்தானம்மா அவரைப் பார்க்க முடியும்?" என்றார் கூட வந்திருந்த அவள் வக்கீல் சுயம்பு.

ஜெபக்கனி செங்கலை ஓங்கிப் பெட்டியின் மூஞ்சியிலேயே போட்டாள். கண்ணாடி சிதறியது. உடைந்த பெட்டி நாலு விநாடி கழித்துப் பேசியது.

"சேதம் நேர்ந்துள்ளது. ஜெபக்கனி மீது நஷ்டஈட்டு வழக்கு ஏற்கப்படுகிறது. திங்கட்கிழமை நீதிபதி முன் விசாரணை."

வக்கீல் தலையில் கை வைத்தார். "என்ன காரியம்மா பண்ணிட்ட!"

"விசாரணைன்னு சொல்லிட்டுல்லா?" கண்ணாடித் துண்டுகளுக்கு நடுவே கிடந்த செங்கலைக் குனிந்து எடுத்தாள் ஜெபக்கனி. "திங்கக்கிழமை இதையும் கொண்டு வாரேன்."