குடித்துக் கெட்ட கல்லீரல்

"உண்மையைச் சொல்லு. மறுபடியும் குடிச்சியா?"

கீமோ வார்டு முழுக்கக் கேட்கும்படி அம்மா கேட்டாள். பக்கத்து நாற்காலியில் மருந்து ஏற்றிக்கொண்டிருந்தவர் கண்ணை மூடியபடியே காதைத் தீட்டிக்கொண்டார்.

லிஃப்ட் மெக்கானிக் இடது கையில் ஊசியோடு சாய்வு நாற்காலியில் கிடந்தார். ஐம்பது வயதைத் தாண்டியும், அம்மா குரலை உயர்த்தினால் வீட்டுப்பாடம் எழுதாத பையன் மாதிரி முழிப்பார்.

"கொஞ்சம்தாம்மா," என்றார்.

"கொஞ்சமா? கல்லீரல்ல கால்வாசியை வெட்டி எடுத்தாங்க. இனிமே ஒண்ணுமில்லன்னு சொல்லித்தானே வீட்டுக்கு அனுப்பினாங்க? இப்ப மறுபடியும் கட்டி வந்திருக்குன்னா சும்மாவா வரும்?"

"என் கை ராசி அப்படிம்மா. நான் ரிப்பேர் பண்ணின லிஃப்டெல்லாம் மறுவாரமே நடு மாடியில நின்னுடும். போன வாரம்தானே சரி பண்ணிட்டுப் போனீங்கன்னு எனக்குத் திட்டு விழும். இப்ப நானே டாக்டரைப் பாத்து அதைக் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"சிரிப்பு வேற வருதா உனக்கு?"

அம்மா மருமகள் பக்கம் திரும்பினாள். மெக்கானிக்கின் மனைவி சுவரோரம் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். குடிப் பேச்சு வந்தாலே அவள் வாயைத் திறக்க மாட்டாள். திறந்தால் என்ன வருமோ என்று அவளுக்கே பயம்.

"நீயாவது கவனிச்சிருக்கக் கூடாதா? ஒரே வீட்டுல இருக்கற, வாடைகூடவா தெரியல?"

"உங்க பிள்ளை கெட்டிக்காரர், அத்தை. வாடையே வராமத்தான் குடிப்பாரு," என்றாள் மனைவி. தோலோடு சேர்த்துச் சுளையும் பிய்ந்து வந்தது.

"கூட வேலை பாக்கறவங்களே நம்ப மாட்டேங்கறாங்கம்மா," என்று மெக்கானிக் குறுக்கே புகுந்தார். "லிஃப்ட்டுக் கூரை மேல நின்னு நட்டு முடுக்கறவன் குடிச்சிருந்தா எப்பவோ கீழ போய்ச் சேர்ந்திருப்பானேங்கறாங்க. அவ்வளவு கமுக்கமா குடிச்சிருக்கேன். இதுக்கே ஒரு மெடல் குடுக்கலாம்."

போன வாரம் மச்சினன்கூட வந்து, "இனிமேலாவது விட்டுடுங்க மாமா," என்று உருகி உருகிப் புத்தி சொல்லிவிட்டுப் போனான். அவன் வாயிலிருந்து வந்த வாடையில் மெக்கானிக்குக்குத்தான் தலை சுற்றியது. அதையும் மண்டையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"வெட்கமாயில்ல?" அம்மா அவர் தலையில் ஒரு தட்டுத் தட்டினாள். முடியெல்லாம் கொட்டியிருந்ததால் தட்டு நேராக மண்டையில் விழுந்தது. பதறிப்போய் உடனே தடவிக் கொடுத்தாள். "வலிக்குதாடா? ஒண்ணே ஒண்ணு பெத்தேன். ஒரு குறையில்லாமப் பெத்தேன். நீயாக் கெடுத்துக்கிட்டியே."

மெக்கானிக் அந்தக் கைக்கு வாகாகத் தலையைச் சாய்த்துக்கொடுத்தார். அவருக்குப் பயமாகத்தான் இருந்தது. இந்த மருந்து கேட்குமா கேட்காதா என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஆனால் இன்றைக்கு அதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. டாக்டரை நேரில் பார்த்து நாலு கேள்வி கேட்காமல் விடமாட்டேன் என்று அம்மா கூடவே கிளம்பி வந்திருந்தாள்.

அந்த நேரம் பார்த்து டாக்டர் உள்ளே வந்தார். அம்மா எழுந்து வழியை மறித்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, நீங்களே சொல்லுங்க. இவனுக்கு இந்த நோய் எதனால வந்துச்சு?"

அம்மாவின் முதுகுக்குப் பின்னால் மெக்கானிக், ஊசி குத்தியிருப்பதையும் மறந்து, இரண்டு கைகளையும் தூக்கிக் கும்பிட்டார். குழாய் மடங்கி, மருந்து ஏற்றும் மெஷின் கீச் கீச்சென்று கத்தியது. ஆயுசு முழுக்க மெஷின்களோடு மாரடித்தவனுக்கு ஒரு மெஷினாவது ஒத்துழைக்கக் கூடாதா என்று நொந்துகொண்டார்.

டாக்டர் அவரையும் பார்த்தார், அம்மாவையும் பார்த்தார்.

"குடிச்சா யாருக்குமே கல்லீரல் கெடும்மா," என்றார் பொதுவாக.

"கேட்டியா? நான் சொன்னா மட்டும் கசக்கும்!" அம்மாவுக்கு ஜெயித்த மாதிரியும் இருந்தது, அழுகையும் வந்தது. முகம் கழுவிக்கொண்டு வருகிறேன் என்று வெளியே போனாள். மருமகளும் கூடப் போனாள்.

டாக்டர் குழாயைச் சரி செய்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படி மழுப்ப என்னால முடியாதுங்க. வாழ்க்கையில ஒரு சொட்டுகூடத் தொடாத மனுஷன் நீங்க. மஞ்சள்காமாலைக் கிருமி உங்க அம்மா ரத்தத்துல இருந்தது, பிரசவத்துல உங்களுக்கு வந்துடுச்சு, அதுதான் கல்லீரலைக் கெடுத்திருக்கு. அதுல அவங்க தப்பு எதுவும் இல்லையே, சொல்லிட்டா என்ன?"

மெக்கானிக் கதவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இப்பன்னா என்னைத் திட்டிட்டுத் தூங்கிடறாங்க டாக்டர். அது தெரிஞ்சா, யாரைத் திட்டிட்டுத் தூங்குவாங்க?"