நீல விளக்கு, பச்சைப் பல்

“இந்த வாத்தியார் விடற மூச்சுக்காத்துகூட என்மேல படக் கூடாதுன்னுதான் இந்த முகக்கவசம்!” என்று அறிவித்தபடியே ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தாள் மூலிகைக்கடை முதலாளியம்மா யூலான்.

“மாசிக்காயைப் பானையில போட்டுக் கொதிக்க வைக்கறவங்களுக்கு நானோவைப் பத்தி என்ன தெரியும்?” என்று பதிலுக்குச் சீறினார் பேராசிரியர் ஷியாவ்.

உதவியாளர் பெய்ஷான் தலையில் கை வைத்துக்கொண்டாள். தைச்சுங் நகரில் அந்த ஆய்வுக்கூடம் இருக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கு எதிர்ச்சாரியில்தான் யூலானின் கடை. மூலிகை தருவது அவள், அதைக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்குவது அவர். இரண்டு வருடமாகத் திட்டிக்கொள்ளாமல் ஒரு கிராம்புகூடக் கைமாறியதில்லை.

தினமும் சாயங்காலம் சரக்கின் தரம் பார்க்கிறேன் என்று அவள் கடைக்குப் போய், ஒரு மணி நேரம் சண்டை போட்டுவிட்டுத்தான் அவர் வீடு திரும்புவார். அவருக்கு மனைவி இல்லை, அவளுக்குக் கணவன் இல்லை. வீட்டில் சண்டை போட ஆளில்லாத குறையை இப்படித் தீர்த்துக்கொள்கிறார்கள் என்று பெய்ஷான் நினைத்துக்கொள்வாள்.

ஆனால் இன்றைக்கா? நிதிக்குழுவிலிருந்து வெய் அம்மையார் பத்து மணிக்கு வருகிறார். அவர் தலையசைத்தால் இந்த வாய் கொப்பளிக்கும் மருந்து ஆராய்ச்சித் திட்டத்துக்கு இன்னும் இரண்டு வருடம் ஆயுள், பெய்ஷானுக்கும் வேலை. இல்லாவிட்டால் திங்கட்கிழமை முதல் அக்காவின் தேநீர்க் கடையில் கோப்பை கழுவ வேண்டியதுதான்.

பேராசிரியர் அவள் பக்கம் குனிந்து, “மருந்து அலமாரிச் சாவி பத்திரமா இருக்கா?” என்றார். பெய்ஷான் பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிறகுதான் இப்போதெல்லாம் அது தேவையில்லை என்று நினைவு வந்தது. மூன்று வேளையும் நாற்றத் தோஃபு என்கிற புளித்த சோயாக் கட்டியைத் தின்கிற மனிதருக்கு ஒரு மாதமாக வாய் நாறவே இல்லை. குழு வருகிறதே என்று பல்லைச் சுத்தம் செய்துகொண்டிருப்பார்.

பத்து மணிக்கு வெய் அம்மையார் வந்தார். சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தவர்.

“மொத்தம் இருபது பேரும்மா,” என்று பெய்ஷான் ஒரே மூச்சில் ஆரம்பித்தாள். “பத்து பேருக்கு மூலிகைத் துகள் கலந்த தண்ணி, மீதிப் பேருக்குக் கிராம்பு வாசனை போட்ட வெறும் தண்ணி. தினமும் சாயங்காலம் என் முன்னாடி வந்து கொப்பளிப்பாங்க. பல்லுல படியற படலத்துக்குள்ளதான் கிருமிங்க ஒளிஞ்சிருக்கும். துகள் அங்க புகுந்து ஒட்டிக்கும். ஒட்டின இடம் நீல விளக்குல பச்சையா மின்னும்.”

அறை விளக்கை அணைத்தார்கள். முதலில் பதினொன்றாம் எண், சாட்சாத் யூலான். “என் சரக்கை இவர் என்ன பாடு படுத்தறார்னு என் வாயாலேயே தெரிஞ்சுக்கணும்,” என்று தானாகவே பெயர் கொடுத்தவள்.

முகக்கவசத்தை இறக்கி, ‘ஈ’ என்று காட்டினாள். இரவுச் சந்தை விளக்குப் பலகை மாதிரி பளீரென்று பச்சை! கிருமிகளில் நூற்றுக்கு ஐந்துதான் மிச்சம் என்றது பரிசோதனைத் தாள்.

“பார்த்தீங்களா, என் மாசிக்காய்!”

“என் நானோ!”

வெய் அம்மையார் மசியவில்லை. “எல்லார் வாயுமே இப்படி மின்னாதுன்னு எப்படி நம்பறது? மருந்து படாத ஒரு வாயைக் காட்டுங்க.”

“வெறும் தண்ணி ஆளுங்க மத்தியானம்தான் வருவாங்க…” என்று இழுத்தாள் பெய்ஷான்.

“அதுவரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும்? நான் இருக்கேனே!” பேராசிரியருக்கு உற்சாகம் தலைக்கேறிவிட்டது. “அந்த அலமாரிப் பக்கம்கூட நான் போனதில்ல. பாருங்க!” யூலான் அவசரமாகக் கனைத்தாள். அவர் காதில் விழவில்லை. வாயை அகலத் திறந்தார்.

பச்சை! முன்பல் முதல் கடைவாய் வரை ஒரே பச்சை.

வெய் அம்மையாரின் குரல் ஊசியாக இறங்கியது. “ஆராய்ச்சி பண்றவரே மருந்தை எடுத்து வாயில விட்டிருக்கார். அலமாரிச் சாவி யார்கிட்ட?”

“என்கிட்டதாம்மா. ஆனா சத்தியமா நான் குடுக்கல! ஒவ்வொரு பாட்டில்லயும் கோடு போட்டு வெச்சிருக்கேன், ஒரு சொட்டு குறையல!”

“அப்ப மருந்து தானா பறந்து இவர் வாய்க்குள்ள போயிடுச்சாக்கும்? திருடினது இவர், திறந்துவிட்டது நீ. உன் வேலை இன்னையோட சரி.” அவர் பேனாவைத் திறந்தார்.

“அது வந்து… அறிவியல்ல பரவல்னு ஒண்ணு…” பேராசிரியர் காது நுனிவரை சிவந்துபோய் உளறினார். பெய்ஷான் அழுதேவிட்டாள்.

இவ்வளவு நேரம் வாயாடிய யூலான் முகக்கவசத்தைக் கண்ணுக்குக் கீழ் வரை ஏற்றிவிட்டு மூலையில் ஒண்டியிருந்தாள். பேனா தாளைத் தொட்டதும் அந்தக் கவசத்தைச் சரேலென்று கழற்றி வீசினாள்.

“நிறுத்துங்க! அந்தப் பொண்ணை விட்டுடுங்க,” என்றாள் யூலான். “அவர் வாய் வெச்சது பாட்டில்ல இல்லீங்க!”