உப்பின் மேல் விழுந்த பழி

"வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா சார்?" டாக்டர் இரண்டாம் முறையாகக் கேட்டார்.

"பி.பி.க்கு ஒண்ணு. அவ்வளவுதான்," என்றேன், நானும் இரண்டாம் முறையாக.

பொய் சொல்லும்போது எனக்குக் குரல் கணீரென்று வரும். உண்மை சொல்லும்போதுதான் தடுமாறும். இந்த லட்சணத்தில்தான் ஐம்பத்தாறு வருஷத்தை ஓட்டியிருக்கிறேன்.

நெஞ்சில் ஒட்டியிருந்த ஒயர்கள் பக்கத்துப் பெட்டிக்குப் போயின. அதன் திரையில் ஒரு பச்சைக் கோடு, கல் தடுக்கியவன் நடப்பது போல ஓடிக்கொண்டிருந்தது. காலையில் அச்சகத்து மாடிப்படியில் கால் மடங்கி உட்கார்ந்துவிட்டேன். நாலு பேர் தூக்கி வந்து இங்கே போட்டார்கள்.

டாக்டர் சின்னப் பெண். என் மகளைவிட இரண்டு வயது கூட இருக்கலாம். ரத்தப் பரிசோதனைத் தாளை மறுபடி பார்த்தார்.

"பொட்டாசியம் ரொம்ப ஏறியிருக்கு. இன்னும் ஏறினா இதயமே நின்னுடும். எங்கிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தான் நிறுத்த முடியும்."

ஏறியிருக்கிறதா?

ஒன்றரை மாதமாக நான் குறைந்திருக்கிறது என்றல்லவா நினைத்துக்கொண்டிருந்தேன்.

காலில் பலமில்லை. விரல் நுனியில் ஊசி குத்துகிறது. இதயம் அவ்வப்போது ஒரு துடிப்பைத் தவறவிடுகிறது. மூன்றையும் செல்போனில் தட்டிப் பார்த்தேன். பொட்டாசியம் குறைவு என்று வந்தது. அதற்குக் கீழேயும் என்னவோ இருந்தது. நான் கீழே போகவில்லை.

கடையில் மாத்திரை வாங்கினேன். தினம் ஒன்று. சோர்வு கூடியது. சரி, உடம்பு இன்னும் கேட்கிறது போல என்று இரண்டாக்கினேன். போன வாரத்திலிருந்து மூன்று. பெரிய மேதாவி.

இதை இப்போதே சொல்லியாக வேண்டும். ஆனால் கட்டிலுக்கு மறுபக்கம் என் மனைவி நிற்கிறாள். தனக்குத் தெரியாமல் எதையும் வாயில் போடக் கூடாது என்று ஆறு மாதத்துக்கு முன்னால் என்னிடம் சத்தியம் வாங்கியவள். அவளிடம் திட்டு வாங்குவதைவிட இதயம் நின்றாலே தேவலை என்று ஒரு நொடி நிஜமாகவே தோன்றியது.

அவள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"டாக்டர், நான் உப்பை மாத்தினேன்."

எனக்கு பி.பி. என்று தெரிந்த வாரமே, சோடியம் குறைந்த உப்பை வாங்கிப் பழைய ஜாடியில் கொட்டி வைத்திருக்கிறாள். சொன்னால் ருசியில்லை என்று மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேனாம். ஆறு மாதமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை. உன் அம்மாவின் கைப்பக்குவம் இப்போது தேறியிருக்கிறது என்று மகளிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அந்த உப்புல நிறைய பொட்டாசியம் இருக்கும்மா," என்றார் டாக்டர் மெதுவாக. "இவர் சாப்பிடுற பி.பி. மாத்திரையோட அது சேரக் கூடாது."

அவளுக்கு முகம் வெளுத்துவிட்டது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நானே என் கையால போட்டுப் போட்டுக் குடுத்தேனே."

பிறகு அழுகைதான். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

நல்ல மனுஷனாக இருந்தால் அந்த நிமிஷமே பேசியிருப்பான். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. பழி உப்பின் மேல் போய்விட்டது. உப்பு வந்து மறுத்துப் பேசவா போகிறது?

டாக்டர் நெற்றியைச் சுருக்கினார். "உப்பால மட்டும் இவ்வளவு ஏறாதே."

உடனே இவள், காலையில் எத்தனை கரண்டி போட்டேன், ராத்திரி எத்தனை கரண்டி போட்டேன் என்று தன் மேலேயே குற்றப்பத்திரிகை வாசிக்க ஆரம்பித்தாள். என்னால் அதைக் கேட்டுக்கொண்டு படுத்திருக்க முடியவில்லை.

"என் கண்ணாடிக் கூட்டை எடு," என்றேன்.

"இந்த நிலைமையிலயும் என்ன படிக்கப் போறீங்க?" அழுதுகொண்டே என் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கேட்பாள்தான். படிப்பது என் பிழைப்பு. முப்பது வருஷமாக அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பாடப் புத்தகம், விலைப்பட்டியல், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைக்கிற தாள், எதிலும் ஒரு புள்ளி என் கண்ணுக்குத் தப்பாது. கடைசி வார்த்தையில் தொடங்கி, பின்னாலிருந்து முன்னால் படித்துக்கொண்டு வருவேன். அர்த்தம் புரிந்துவிட்டால் கண் ஏமாந்து பிழையைத் தாண்டிப் போய்விடும். புதிதாகச் சேருகிறவர்களிடம் இதைப் பெருமையாகச் சொல்வேன்.

கண்ணாடி என் மூக்கில் இருந்தது. கூட்டுக்குள் இருந்தது ஒரு மாத்திரை அட்டை. அதைச் சுற்றி ஒரு தாள்.

"பொட்டாசியம்," என்றேன். "தி... தினம் மூணு."

டாக்டர் அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கினார். நர்ஸைக் கூப்பிட்டு என்னென்னவோ மருந்துப் பெயர்கள் சொன்னார். பிறகு தாளைப் பிரித்தார்.

கடையில் கொடுத்த தாள் இல்லை அது. இதே மாத்திரைக்காக எங்கள் அச்சகத்தில் அடித்த தாள், அங்கிருந்த கோப்பிலிருந்து நான் உருவி வந்தது. எத்தனை சாப்பிடலாம் என்று தெரிய வேண்டியிருந்தது. பழக்கதோஷம், கடைசியிலிருந்து பார்த்தேன். அளவு அங்கேயே இருந்தது, ஒன்று முதல் மூன்று வரை. அதோடு மடித்துவிட்டேன்.

மனைவி டாக்டரின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். முதல் வரி கொட்டை எழுத்தில் இருந்தது. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், சோடியம் குறைந்த உப்பு சேர்த்துக்கொள்கிறவர்கள், டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது.

அவள் அழுகை நின்றது.

அவள் பார்வை வரி வரியாக இறங்கித் தாளின் அடிக்கு வந்தது. அங்கே பச்சை மையில், அவளுக்கு நன்றாகத் தெரிந்த முத்து முத்தான எழுத்தில், "முழுவதும் படித்துப் பார்த்தேன், அச்சிடலாம்" என்று எழுதி, நான் கையெழுத்துப் போட்டிருந்தேன்.