ஆடிட்டீங்கம்மா!

தப்பாகச் சொல்லிவிடக் கூடாது. அவளுக்கு இருந்த பயமெல்லாம் அதுதான்.

போன முறை சின்ன டாக்டர், "எங்கம்மா வலிக்குது?" என்று கேட்டார். அவள் தொடையில் ஆரம்பித்து, இடுப்புக்குப் போய், முழங்காலுக்கு வந்து, திரும்பத் தொடைக்கே போனாள்.

"ஒரு இடத்தைச் சொல்லுங்கன்னா ஊரையே சுத்திக் காட்டறீங்களே!"

முழங்காலை எக்ஸ்ரே எடுத்தார்கள். சுத்தமாக இருந்தது.

அண்ணனிடம் போனில் சொன்னாள். "படத்துல ஒண்ணும் இல்லைன்னா ஒண்ணும் இல்லைதான். பொழுது போகலைன்னா டிவி பாரு" என்றார் அவர்.

கிட்னி மாற்றி ஆறு வருடம். அதைக் காப்பாற்றச் சாப்பிடும் மாத்திரைகள் உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடக்கிவைத்திருந்தன. யாராவது தும்மினால்கூட அவளுக்கு ஆபத்து. ஜிப்பு மாற்றித் தரச் சொல்லித் துணி கொண்டுவருகிறவர்கள், பையைக் கதவில் மாட்டி, "அக்கா, வெச்சிருக்கேன்!" என்று படியிலிருந்தே கத்திவிட்டுப் போய்விடுவார்கள்.

இப்போது தையல் மெஷின் பெடலை மிதிக்கவே முடியவில்லை. முழங்காலை ஸ்கேன் எடுக்க எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்றைக்கும் நம்பாமல் அனுப்பிவிட்டால்?

அதனால் ஒரே பதிலை மனப்பாடம் செய்துகொண்டு வந்திருந்தாள்.

ஸ்கேன் மையத்தில் சீட்டு எழுதின பெண், "உள்ள ஸ்கேன் எடுக்கறது கடுகு சார்தான். ஆடாமப் படுங்க, இல்லைன்னா பொரிஞ்சு தள்ளிடுவார்" என்று கிசுகிசுத்தாள்.

கடுகு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எங்க வலி?"

"வலது முழங்கால். படி ஏறினா வலி."

"வேற எங்கயாவது?"

"இல்லைங்க. முழங்கால் மட்டும்தான். வேற எங்கயும் இல்லவே இல்லைங்க."

ஸ்கேன் மேஜையில் உட்கார்ந்து, வலது காலை இரண்டு கையாலும் தூக்கி மேலே வைத்தாள். கடுகு கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்த்தார். அவசரப்படுத்துகிறார் என்று நினைத்துச் சட்டென்று படுத்துக்கொண்டாள்.

மெஷின் தடதடவென்று இடித்தது. மூச்சைக்கூடச் சின்னச் சின்னதாக விட்டாள்.

சத்தம் நின்றதும் ஸ்பீக்கரில் குரல் வந்தது. "ஆடிட்டீங்கம்மா!"

"ஆடலைங்களே..."

"மறுபடி எடுக்கணும். இறங்காதீங்க."

மறுபடி அரை மணி நேரம். மறுபடியும், "ஆடிட்டீங்கம்மா!"

"சத்தியமா ஆடலைங்க."

"படத்தை நான் பார்க்கறேனா, நீங்க பார்க்கறீங்களா? காலைக் கீழ வைக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

கண்ணீர் வழிந்து காதுக்குள் இறங்கியது. துடைத்தால் அதுவும் ஆடினதாகிவிடுமே என்று விட்டுவிட்டாள். சும்மா படுத்திருக்கக்கூடத் துப்பில்லையா நமக்கு?

கொஞ்ச நேரம் கழித்து, "படம் பார்க்கற டாக்டரம்மா இடுப்பையும் சேர்த்து எடுக்கச் சொல்றாங்க. சரியா?" என்றது குரல்.

ஆடினதற்குத் தண்டனை போலிருக்கிறது. "சரிங்க" என்றாள்.

எல்லாம் முடிந்து டாக்டரம்மாவே உள்ளே வந்தார். பின்னால் கடுகு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"முழங்கால்ல ஒண்ணும் இல்லைம்மா."

இன்றைக்கும் அனுப்பிவிடுவார்கள் என்று இறங்கப் பார்த்தாள்.

"கோளாறு இடுப்புல. தொடை எலும்போட மேல்முனை பந்து மாதிரி இருக்கும். அதுக்கு ரத்த ஓட்டம் குறைஞ்சிருக்கு. கிட்னிக்காகச் சாப்பிடற மாத்திரையால சில பேருக்கு இப்படி ஆகும். அந்த வலி தொடை, முழங்கால்னு எங்க வேணா தெரியும். நல்லவேளை, பந்து இன்னும் நசுங்கலை."

"நான் ஆடினதால உங்களுக்கெல்லாம் சிரமம்..."

"நீங்க எங்க ஆடினீங்க? முதல் படமே அவ்வளவு தெளிவா இருக்கு. நீங்க காலைக் கையால தூக்கி வெச்சதைப் பார்த்துட்டு இவர்தான் இடுப்பையும் பார்க்கலாமான்னு எனக்குப் போன் பண்ணினார். நான் வேற ஒரு கேஸ்ல மாட்டிக்கிட்டு, சரின்னு சொல்ல நேரமாயிடுச்சு."

அவள் கடுகைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார்.

"வெளிய காத்திருங்கன்னு சொன்னா இறங்கி நடப்பீங்க. அப்படியே வீட்டுக்கும் நடந்திருப்பீங்க. அதான் ஆடிட்டீங்கன்னு சொன்னேன்."

"இனி அந்தக் காலை ஊணவே கூடாதும்மா. கூட யாரு வந்திருக்காங்க?" என்றார் டாக்டரம்மா.

"அண்ணன். வண்டியை நிறுத்தப் போயிருக்கார்" என்றாள் சட்டென்று. யார் கேட்டாலும் சொல்லும் பதில் அது.

கடுகு அவளை வாசல் கண்ணாடிக் கதவு வரை தள்ளிக்கொண்டு வந்து விட்டுப் போனார்.

வெளியே மூன்று படி. அப்புறம் கொஞ்சம் நடந்தால் ரோடு. ஒற்றைக் காலில் நொண்டிப் போய்விடலாம். யாருக்கும் தெரியப்போவதில்லை. இடது காலைத் தரையில் வைத்து எழுந்திருக்கப் பார்த்தாள்.

பக்கத்தில் யாரோ வந்து நின்றார்கள். கடுகு. சீருடையை மாற்றியிருந்தார். தோளில் பை.

"உட்காருங்க. அண்ணன் வரட்டும். நானும் நிக்கறேன்."

"உங்களுக்கு வேலை இருக்குமே?"

"டூட்டி முடிஞ்சு ஒரு மணி நேரம் ஆச்சு."

ஒரு மணி நேரம். இரண்டாம் தடவை 'ஆடிட்டீங்கம்மா' என்று கத்தினாரே, அப்போதே முடிந்திருக்க வேண்டும்.

கதவு திறந்தது. யார் யாரோ வந்தார்கள், போனார்கள். கடுகு, வராத அண்ணனுக்காக அவளோடு சேர்ந்து ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இறக்கிய காலை எடுத்து மறுபடி நாற்காலியின் கால்பலகையில் வைத்துக்கொண்டாள்.

"சார்... அண்ணன் வரலை. வண்டியும் இல்லை. நான் தனியாத்தான் வந்தேன். என்னைக் கொஞ்சம் பிடிச்சுக்கறீங்களா?"