டிவியில் வராத குரல்

“இது கொஞ்சம் காதைக் கிழிக்கும், ஐயா. பரவாயில்லையா?”

கடைக்காரப் பெண் ஹெட்போனை நீட்டினாள். மன்சு தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு அதை வாங்கிக் காதில் மாட்டினார்.

சியோலில், மாங்வோன் சந்தைக்குப் பின்னால் ஒரு சந்து. அதில் பத்துப் படி கீழே இறங்கினால் அந்த இசைத்தட்டுக் கடை. மன்சுவுக்கு அறுபது வயது. நகரப் பேருந்து ஓட்டுபவர். சனிக்கிழமைதான் அவருக்கு ஓய்வு. அவர் இந்தப் படிகளில் இறங்குவது இது ஏழாவது சனிக்கிழமை.

முதல் வாரம் வாசலைத் தாண்டவே அவருக்குக் கூச்சமாக இருந்தது. அங்கேயே நின்றபடி, “பொண்ணுங்க பாடுற பேண்டு ஏதாவது இருக்கா?” என்று கேட்டார்.

அவள் நிமிர்ந்து ஒரு கணம் பார்த்தாள். மறுபடி குனிந்துகொண்டாள். “கும்பலா ஆடிக்கிட்டே பாடுவாங்களே, அவங்களா? அதுக்கு மெயின் ரோட்டுல பெரிய கடை இருக்கு, ஐயா.”

“அவங்க இல்ல. டிவியில வராதவங்க.”

அவள் கையிலிருந்த இசைத்தட்டைக் கீழே வைத்தாள். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

அன்று கேட்டது ‘ஈரக் குடை’ என்ற குழு. கிடார்கள் அடைமழையாக இரைந்தன. அந்த இரைச்சலுக்குள் இருந்து ஒரு பெண் யாரையோ கூப்பிடுவதுபோல் பாடினாள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. மன்சு வீட்டுக்குப் போய்த் தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்தார். ஆனாலும் அடுத்த வாரம் வந்தார். கொமுங்கோ என்ற பழைய கொரியத் தந்திவாத்தியம் மின்சாரத்தில் அலற, அதன்மேல் ஒருத்தி ஒப்பாரி போல இழுத்தாள். அதற்கடுத்த வாரம், தூங்கும் குழந்தையை எழுப்பப் பயப்படுகிறவள் மாதிரி ஒருத்தி. இத்தனை குரல்கள் இதே ஊரில் இருந்தும், இருபத்தெட்டு வருடமாக இதே தெருக்களில் வண்டி ஓட்டியும், ஒன்றைக்கூடக் கேட்டதில்லையே என்று அவருக்கு வியப்பாக இருந்தது.

இன்றைய பாட்டு முடிந்தது. ஹெட்போனைக் கழற்றினார்.

“எப்படி?”

“எங்க டிப்போ மேனேஜர் திட்டுற மாதிரியே இருக்கு. ஆனா இவ திட்டுறதுல நியாயம் இருக்கு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. உதட்டைக் கடித்து அடக்கிக்கொண்டாள். “போன வாரம் கொண்டுபோனீங்களே, அது?”

“நாலாவது பாட்டு பிடிச்சுப் போச்சு. சிக்னல்ல ஸ்டியரிங்ல தாளம் போட்டுக்கிட்டே இருந்துட்டேன். ‘டிரைவர், பச்சை விழுந்து எவ்வளவு நேரமாச்சு!’ன்னு பின்னாடியிருந்து ஒரு அம்மா கத்துறாங்க.”

“வீட்டுல... அவங்க என்ன சொல்றாங்க?”

“முதல்ல காதைப் பொத்திக்கிட்டா. இப்போ கிம்ச்சிக்கு முட்டைக்கோஸ் நறுக்குறப்ப அவளே முணுமுணுக்கிறா. கேட்டா, ‘நானா? இல்லவே இல்ல’ங்கிறா.”

அவள் இரண்டு கோப்பைகளில் பார்லித் தேநீர் ஊற்றினாள். ஒன்றை அவர் பக்கம் நகர்த்திவிட்டு, ஏழு வாரமாகக் கேட்காததைக் கேட்டாள்.

“எதுக்கு ஐயா இதெல்லாம் கேக்குறீங்க?”

மன்சு கோப்பையை உள்ளங்கைக்குள் உருட்டினார்.

“ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி என் பொண்ணு பேண்டுல பாடப்போறேன்னா. டிவியில வந்தாலாவது நாலு பேர் பெருமையாச் சொல்லுவாங்க, கீழறையில நின்னு கத்துறதுக்கா உன்னைப் பெத்தேன்னு கேட்டேன். கிடாரைத் தூக்கி மாடியிலேர்ந்து வீசிட்டேன்.”

“அவ ஒண்ணும் சொல்லலையா?”

“‘ஒரே ஒரு தடவை வந்து கேளுங்க, அப்புறம் திட்டுங்க’ன்னா. நான் போகல.”

“இப்போ?”

“இப்போ கேட்டுக்கிட்டு இருக்கேன்.”

மன்சு கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார்.

அவள் எழுந்து உள்ளே போனாள். அட்டையில் படமே இல்லாத ஓர் இசைத்தட்டோடு திரும்பி வந்தாள்.

“இதை நான் விக்கிறதில்ல. கேட்டுட்டு உண்மையைச் சொல்லுங்க. நல்லா இல்லேன்னா நல்லா இல்லேன்னே சொல்லலாம்.”

இந்தத் தடவை ஹெட்போன் தரவில்லை. ஒலிபெருக்கியிலேயே போட்டாள். ஒரு டிரம், ஒரு கிடார். அவசரமே இல்லாத ஒரு பெண்குரல், சரிவில் பிரேக்கை மெல்லத் தளர்த்தி இறங்கும் வண்டியைப்போல நிதானமாக வந்தது. நடுவில் ஓரிடத்தில் கரகரத்தது. ஆனாலும் நிற்காமல் மேலே ஏறியது. மன்சு கண்ணை மூடிக்கொண்டார். பாட்டு நின்ற பிறகும் திறக்கவில்லை.

“சொல்லுங்க” என்றாள். அவள் கை மேஜை விளிம்பைப் பற்றியிருந்தது.

“நடுவுல தொண்டை கட்டுதே?”

“ரெக்கார்டிங் அன்னிக்கு அவளுக்கு நல்ல காய்ச்சல்.”

“பாடி முடிச்சிட்டு ஏதாவது சாப்பிட்டாளா?”

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு தட்டை உறையில் போட்டாள். அது சரியாக உள்ளே போகவில்லை.

“எனக்கு இசை தெரியாதும்மா” என்றார் மன்சு மெதுவாக. “ஆனா இந்தக் குரலை ஒருத்தன் கேக்க மாட்டேன்னு சொல்லியிருந்தா, அவன் முட்டாள்.”

மேலே சந்தில் ஒரு மீன்காரரின் கூவல் கேட்டு ஓய்ந்தது. அவள் மேஜை இழுப்பறையிலிருந்து இரண்டு நுழைவுச்சீட்டுகளை எடுத்து அவர் முன்னால் வைத்தாள்.

“அடுத்த சனிக்கிழமை சாயங்காலம் நான் பாடுறேன்” என்றாள். ஒன்பது வருடங்களாக அவள் சொல்லாமலிருந்த சொல்லும் அதன் பின்னால் வந்தது: “அம்மாவையும் கூட்டிட்டு வாங்க, அப்பா.”